கார்ப்பெட் இல்லாத கிளப்ஹவுஸ்

மொபைல் ஹோம் நகராது. தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒரு தடவை லாரி இழுத்துக்கொண்டு வரும். கான்கிரீட் கட்டைகள் மேல் உட்கார்ந்த பிறகு ஆயுசுக்கும் அங்கேதான். வீடு உங்களுடையது. வீட்டுக்குக் கீழே இருக்கும் மண் வேறு யாருடையதோ. இதனால்தான் கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் இருக்கிறது, ஓயாத சண்டை இருக்கிறது, எனக்குப் பத்து வருஷம் ஒரு வேலையும் இருந்தது.

போன மாதம், நான் வேலை பார்த்த ஆபீஸில் இப்போது இருக்கும் பெண் போன் பண்ணினாள். இனிமேல் நோட்டீஸ் எல்லாம் ஈமெயிலில்தானாம். "நீங்க இருந்த காலத்துல நிஜமாவே ஒவ்வொரு கதவா போய் ஒட்டுவீங்களா?" என்று கேட்டாள். ஒட்டுவேன் என்றேன். ஒட்டாததும் உண்டு. அதை போனில் சொல்ல முடியவில்லை.

நான் கரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். என் கணவர் வேலைக்காக சன்னிவேலுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. தொண்ணூற்றொன்றில் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்துப் போனேன். மொபைல் ஹோம்கள் வரிசையாக நிற்கும் நிலத்துக்கு பார்க் என்று பெயர்; இந்தப் பார்க்கின் சொந்தப் பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் ஒரு மரமும் ஒரு ஏரியும் வரும், பார்க்கில் இரண்டும் கிடையாது. நூற்றுப்பன்னிரண்டு வீடு, ஒரு நீச்சல் குளம், எல்லோருக்கும் பொதுவான ஹாலாக ஒரு கிளப்ஹவுஸ். டைப்படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன். டிரெயினிங் இரண்டு நாள். முதல் நாள் டேப்பை எப்படிக் கிழிப்பது, இரண்டாம் நாள் கதவில் எந்த உயரத்தில் ஒட்டுவது.

சொல்லிக் கொடுத்தவர் மேனேஜர் மார்ஜ். அறுபது வயது, வெள்ளைக் கூந்தல், கோல்ஃப் வண்டி. வண்டியில் ஒரு அளவுகோல் எப்போதும் இருக்கும். புல் மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் மஞ்சள் நோட்டீஸ். வாசலில் இரண்டுக்கு மேல் காற்றுமணி தொங்கினாலும் மஞ்சள்தான். ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் காலிசெய்ய நேரும் என்பது பிங்க். அவர் வீடும் பார்க்குக்குள்ளேதான், ஒன்றாம் நம்பர். அங்கே ஐந்து காற்றுமணி. நான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஸ்வீட்டி, அது மேனேஜ்மென்ட் காற்றுமணி" என்றார்.

மார்ஜ் யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதில்லை. "எழுத்தில் கொடுங்கள்" என்பார். எழுத்தில் கொடுத்தால் "ஃபாரத்தில் கொடுங்கள்" என்பார். ஃபாரம் தீர்ந்து போயிருக்கும். கிளப்ஹவுஸ் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கும். குடியிருப்பவர்கள் பார்க் விஷயமாகப் பேசக் கூட்டம் போட அந்த ஹாலைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் சங்கத்தின் தலைவி ரூத், பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எழுபத்தெட்டு வயது, மாதம் தவறாமல் கேட்பார். மாதம் தவறாமல் நான் டைப் பண்ணுவேன்: "வருந்துகிறோம். குறிப்பிட்ட தேதியில் ஹாலின் கார்ப்பெட் ஷாம்பூ செய்யப்படுகிறது." அந்த ஹாலில் கார்ப்பெட் கிடையாது, துடைத்தால் போதும் என்கிற லினோலியம் தரைதான். ரூத்துக்கும் தெரியும். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லிப் போவார்.

முதல் வருஷத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் போதாது. இன்ன தேதியில், இன்ன வீட்டில், நான் என் கையால் கொடுத்தேன் என்று ஒரு டிக்ளரேஷனில் சத்தியமாகக் கையெழுத்துப் போட வேண்டும். மார்ஜ் ஒரு கட்டு நீட்டுவார், நான் ஒட்டாதவையும் அதில் இருக்கும், போட்டுக்கொண்டே போவேன். இருபத்தேழாம் நம்பரில் பீட் என்று ஒரு ரிட்டயர்டு லாரி டிரைவர். அவர் ஷெட் ஒன்றரை அடி அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பிங்க் போயும் பதிலே இல்லை என்று விஷயம் வக்கீலிடம் போனது. பீட் கோர்ட்டுக்குப் பயந்து, வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு நெவாடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாலு மாதம் கழித்து எழுபத்திரண்டாம் நம்பர் அம்மாள் தன் போர்ச்சைக் கூட்டும்போது கிடைத்தது என்று மூன்று பிங்க் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணைத் திருப்பிப் போட்டு ஒட்டியது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. பீட் கையில் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். மார்ஜிடம் காட்டினேன். "ஐயோ பாவம்" என்று சொல்லி, மூன்றையும் காகிதம் கிழிக்கும் ஷ்ரெட்டரில் விட்டார். நானும் என் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்துகொண்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கோயிலில், பொங்கல் விழாவில், யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ப்ராபர்ட்டி மேனேஜ்மென்ட்" என்பேன். மொபைல் ஹோம் பார்க்கை ஊரில் டிரெய்லர் பார்க் என்பார்கள், இல்லாதவர்கள் இருக்கும் இடம் என்று நம்மவர்கள் முகம் ஒரு மாதிரி போகும். அதனால் தொண்ணூற்றேழில், கோயிலில் பழக்கமான செந்தில் அந்த ஆபீஸுக்குள் நுழைந்தபோது இரண்டு பேருமே திடுக்கிட்டோம்.

செந்தில் சாஃப்ட்வேர் ஆள், ஈரோடு பக்கம். மனைவி கவிதா. அந்த ஊர் வீட்டு விலையில் சம்பளம் எதற்கும் கட்டவில்லை என்று ஐம்பத்தொன்றாம் நம்பரைப் பேசி முடித்திருந்தான்.

"ஆன்ட்டி, நீங்க இங்கயா?"

"நீ இங்கயா?"

அப்புறம் மெதுவாகச் சொன்னான். "ஆன்ட்டி, நம்ம க்ரூப்ல யாருக்கும் தெரிய வேண்டாம். ப்ளீஸ்."

"என்னைப் பத்தியும்தான்ப்பா."

அதோடு ஒப்பந்தம் முடிந்தது. நண்பர்களிடம் அவன் 'தனி வீடு, காமன் வால் கிடையாது' என்று சொல்லி வந்தான். பொய் இல்லை. கிழக்குக் கரையில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த சொந்த அண்ணனிடம் 'ஒரே தளம், ரான்ச் ஸ்டைல், கம்யூனிட்டி பூல்' என்று சொல்லியிருந்தான். அதுவும் பொய் இல்லை. ஆனால் இரண்டு வருஷம் யாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடவில்லை. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் கவிதா பெரிய பெரிய ட்ரேயாகச் சமைத்து எடுத்துக்கொண்டு போவாள், திருப்பிக் கூப்பிடாத குறைக்கு.

தொண்ணூற்றொன்பது மார்ச் முதல் வாரம் கவிதாவின் அப்பா அருணாசலம் ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தார். ரிட்டயர்டு தாசில்தார். மனைவி இறந்து மூன்று வருஷம். அவரைக் காரில் கூட்டிப்போய் ஊர் காட்ட யாருக்கும் நேரமில்லை. காலையில் ஷூ, மஃப்ளர், முழுக்கைச் சட்டையோடு நாலு தெருவும் நடப்பார். நடக்கும்போது கதவுகளில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து கடைசி வரை படிப்பார். நாம் பேப்பர் படிப்பது மாதிரி. ஒரு வாரத்தில் பார்க்கில் யார் வீட்டில் புல் எத்தனை அங்குலம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பார்க் ஆபீஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும் சட்டப் புத்தகத்தை, ஆடுகிற டைனிங் டேபிள் காலுக்குச் செந்தில் முட்டுக் கொடுத்திருந்த இடத்திலிருந்து உருவியெடுத்து அதையும் படித்து முடித்தார்.

இங்கிலீஷ் அவருக்குக் காகிதத்தில் ஓடும், வாயில்தான் வராது. ரூத் அவரைத் தன் வாசலில் உட்காரவைத்து லெமனேட் கொடுக்க ஆரம்பித்தார். கார்ப்பெட் கடிதங்களை வாங்கிப் படித்து அருணாசலம் எழுதிக் கொடுக்க, அடுத்த தடவை ரூத்தின் கடிதம் வேறு மாதிரி வந்தது: "தங்கள் கடிதத்தில் கண்ட கார்ப்பெட் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது, எத்தனை சதுர அடி என்ற விவரம் அனுப்பி உதவக் கோருகிறேன்." மார்ஜ் இரண்டு தடவை படித்தார். "இது ரூத் எழுதினது இல்லை" என்றார்.

மறுநாளே ஐம்பத்தொன்றுக்கு ஒரு பிங்க் போனது. பதிவு செய்யாத விருந்தாளி, ஏழு நாளுக்குள் வெளியேற வேண்டும். இதை நான்தான் ஒட்டினேன், சரியான வீட்டில். அரை மணி நேரத்தில் அருணாசலம் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்றார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"ஏனுங்கம்மா, முப்பத்திநாலு வருஷம் நோட்டீஸ் கொடுத்தவன் நானு. வாங்கறது இதான் முதல் தடவை."

"மன்னிச்சுக்குங்க சார். நான் டைப் பண்றது மட்டும்தான்."

"அட, டைப்பிங் பிரமாதமுங்க. விஷயந்தான் நிக்காது. எந்த விதிப்படின்னு நம்பர் இல்லை. கெஸ்ட்னு போட்டிருக்கு, எனக்குப் பேர் இல்லீங்களா? கவிதா பேரும் பத்திரத்துல இருக்குது. வீட்டுக்காரியோட அப்பன் குடும்பம், கெஸ்ட் இல்லைன்னு இந்தப் புஸ்தகத்துலயே இருக்குது. பொறம்போக்குல குடிசை போட்டவனுக்குக்கூட நாங்க இதைவிட ஒழுங்கா நோட்டீஸ் கொடுப்போமுங்க."

மார்ஜ் உள்ளேயிருந்து வந்தார். நான் மொழிபெயர்த்தேன், குடிசையை மட்டும் விட்டுவிட்டு. "எழுத்தில் கொடுங்கள்" என்றார் மார்ஜ். அருணாசலம் பையிலிருந்து கவரை எடுத்து வைத்தார். எழுதியே கொண்டுவந்திருந்தார், மூன்று காப்பி. ஒன்றில் சீல் வைத்து வாங்கிக்கொண்டுதான் போனார். அந்த பிங்க் அதோடு சரி.

செந்தில்தான் ஆடிப்போனான். "ஆன்ட்டி, மாமாகிட்ட சொல்லுங்களேன். பிரச்சினை பெருசாச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

மே மாதம் வேறொரு விஷயம் வெளியே வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஓனர் கம்பெனி கிளப்ஹவுஸை ஒரு இன்டர்நெட் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தது. இன்டர்நெட் கம்பெனிகள் பெருகிய அந்த வருஷம் சன்னிவேலில் ஆபீஸ் போட ஒரு கார் ஷெட்கூடக் கிடைக்காது. ஜூன் ஒன்றாம் தேதி வருகிறார்கள். சங்கக் கூட்டத்துக்குத்தான் தடை; புதன்கிழமைதோறும் வயசானவர்கள் அந்த ஹாலில்தான் கூடிச் சாப்பிட்டார்கள். யாராவது இறந்தால் நினைவுக் கூட்டமும் அங்கேதான். ரூத்தின் புருஷன் படம் இன்னும் அங்கே சுவரில் இருந்தது. இன்று ஹால் போனால் நாளைக்கு நிலமும் போகும் என்று அவர்கள் பயந்தார்கள். நகராத வீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவது? பயம் நியாயமானதுதான்.

ஹால் மாதிரி பொது வசதிகளில் விதியை மாற்ற வேண்டுமானால் முதலில் எல்லோரையும் கூட்டிப் பேச வேண்டும், பிறகு அறுபது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மார்ஜ் இரண்டையும் மறந்துவிட்டார். மே பதினேழு வாக்கில் ஓனரின் வக்கீல், நோட்டீஸ் கொடுத்த ஆதாரம் அனுப்பு என்று ஃபேக்ஸ் அடித்தார்.

மதியம் மார்ஜ் என் மேஜைக்கு வந்து ஒரு டிக்ளரேஷனை வைத்தார். அந்த அறுபது நாள் நோட்டீஸை மார்ச் இருபத்தைந்தாம் தேதி நூற்றுப்பன்னிரண்டு கதவிலும் நான் ஒட்டியதாக இருந்தது.

"ஒரு கையெழுத்து, ஸ்வீட்டி. வழக்கம்போல."

அந்த மாதம்தான் என் கணவருக்கு கான்ட்ராக்ட் முடிந்திருந்தது. சர்க்கரை, கண் ஆபரேஷன் எல்லாமே என் இன்ஷூரன்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வீராங்கனை இல்லை. தப்பிக்க வழி தேடினேன்.

"மார்ச் இருபத்தஞ்சு நான் லீவு, மார்ஜ். அவருக்கு ஆபரேஷன்."

"அப்படியா? சரி, இருபத்தாறு."

பேனாவால் அடித்து மாற்றினார். பார்க்கில் எதுவும் நகராது. தேதி மட்டும் அவ்வளவு சுலபமாக நகர்ந்தது. எனக்குச் சாக்கு தீர்ந்துபோயிற்று. மூன்று பிங்க் காகிதம் ஷ்ரெட்டருக்குள் போன சத்தம் காதில் கேட்டது. இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன்: தினமும் ஒவ்வொரு கதவையும் படிக்கிற ஒரு தாசில்தார் அந்த மார்ச் கடைசியிலும் இங்கே இருந்திருக்கிறார். மனசாட்சி பாதி, அருணாசலம் பாதி.

"நான் ஒட்டலை, மார்ஜ். ஒட்டாததை ஒட்டினேன்னு எழுத மாட்டேன்."

மார்ஜ் என்னையே பார்த்தார். ஸ்டேப்லரை எடுத்து, காகிதம் எதுவும் இல்லாமலே இரண்டு தடவை அழுத்தினார். பிறகு எட்டு வருஷப் பழக்கம் அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அதை எழுத்தில் கொடு."

கொடுத்தேன். இரண்டே வரி. ஒரு காப்பியில் ஆபீஸ் சீலை நானே குத்தி, அவரிடம் இனிஷியல் வாங்கி, என் பையில் வைத்துக்கொண்டேன். அவசரத்தில் சீல் தலைகீழாக விழுந்துவிட்டது. அந்தக் காகிதம் இருந்ததால்தான் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை என்று பின்னால் வக்கீலின் செக்ரட்டரி சொன்னாள். அதற்குப் பதில் நோட்டீஸ் வேலையை என்னிடமிருந்து எடுத்து, நீச்சல் குளத்துத் தண்ணீரில் குளோரின் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஜூன் ஒன்றைத் தள்ளிவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஜூன் நடுவில் கிளப்ஹவுஸிலேயே கூட்டம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஓனர் கம்பெனி சார்பில் ஓர் இளைஞர் வந்தார், காலர் வைத்த பனியன், கையில் ஸ்லைடுகள். நூறு பேர் இருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் வைக்கும் சாக்கில் சுவரோரம் நின்றேன்.

அருணாசலம் எழுந்தார். மார்ஜ் உடனே, "வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பேசலாம்" என்றார்.

அது விதிப்படி சரிதான் என்று அருணாசலமே உட்கார்ந்துவிட்டார். செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கவிதா எழுந்தாள். இரண்டு வருஷமாக ட்ரேயைத் தூக்கிக்கொண்டு திரிந்த பெண்.

"ஸ்பேஸ் ஃபிஃப்டி ஒன். நான் ஓனர். நான் கேட்கலாமா?"

அவள் அப்பா பக்கத்திலிருந்து தமிழில் மெல்லச் சொல்ல, அவள் இங்கிலீஷில் கேட்டாள்.

"கேளு பாப்பா, அந்தக் கம்பெனி என்ன வியாபாரம் பண்ணுதுன்னு."

இளைஞருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரே இடத்தில் வசிக்கும் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் கம்ப்யூட்டர் வழியாகச் சந்தித்துப் பழக அது ஒரு தளம் என்றார்.

கவிதா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அருணாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, இங்க உக்காந்து பேசிட்டு இருக்கறவங்களை எழுப்பி வெளிய அனுப்பிட்டு, அவங்க ஒருத்தரையொருத்தர் சந்திக்க வழி பண்ணப் போறாங்களாமா?"

கவிதா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். முதலில் சிரித்தது ரூத். அப்புறம் ஹாலே சிரித்தது. இளைஞரும் சிரிக்கப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. கவிதா நிறுத்தவில்லை. வயசானவர்கள் நினைவுக் கூட்டத்தை எங்கே நடத்துவது, புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு எந்த அறை, கார்ப்பெட் எங்கே என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன் என்றார் இளைஞர். அவர் கையில் பேனா இல்லை.

அந்தக் கூட்டத்தால் ஓனர் மனம் மாறியது என்று சொன்னால் பொய். சட்டப்படி அறுபது நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்டர்நெட் கம்பெனிக்கோ ஒரு வாரத்துக்கு மேல் பொறுமை இல்லை. பழைய பழக் கிடங்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பேருக்கு நோட்டீஸ் காலம் ஓடி முடிந்தது, ஹாலுக்கு ஆள் வரவில்லை, சாவியின் ஒரு காப்பி ரூத் கைக்குப் போனது.

ஆகஸ்டில் அருணாசலம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். கோயிலில் தனக்குப் பழக்கமான அத்தனை பேரையும் மாப்பிள்ளையைக் கேட்காமலே கிளப்ஹவுஸுக்கு விருந்துக்கு அழைத்துவிட்டார். அட்ரஸையும், ஸ்பேஸ் நம்பரையும், பார்க் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார். செந்தில் அன்று காலை காரிலேயே உட்கார்ந்திருந்தான், இறங்க மாட்டேன் என்று. நாற்பது பேர் வந்தார்கள். ரூத் ஒரு பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சாலட், கவிதா புளியோதரை. நான் கையில் கரண்டியோடு நின்றபோது, பொங்கல் விழாவில் எப்போதும் முன்வரிசையில் உட்காரும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி டைரக்டரின் மனைவி என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்க ப்ராபர்ட்டி மேனேஜ்மென்ட்ல இருக்கறதா சொன்னீங்களே?"

"இதான் ப்ராபர்ட்டி" என்றேன்.

அவர் புல்வெளியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், ஐம்பத்தொன்றின் சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இங்க ஏதாவது காலியாகுமா? எங்க தம்பிக்குத்தான்" என்றார். அன்று மாலைக்குள் ஏழு பேர் தங்கள் தம்பிக்காகக் கேட்டார்கள். இரண்டு பேருக்குத் தம்பியே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்தொன்றில் நான் வேலையை விட்டேன். அதற்குள் பார்க்கில் நம்மவர் ஐந்து குடும்பம். ரூத்துக்கு முடியாமல் போனதால் சங்கத்துக்குக் கவிதா தலைவி ஆகியிருந்தாள். நான் விலகுவதற்கு ஒன்றரை மாதம் முன்னால் ஒரு கடிதத்தோடு கவுன்ட்டருக்கு வந்தாள். குளத்தைச் சுற்றி வேலி உடைந்திருக்கிறது, நிர்வாகம் சந்தித்துப் பேச வேண்டும், சட்டப்படி முப்பது நாள் அவகாசம் என்று இருந்தது. குளம் என் பொறுப்பு. புகார் என் பேரில்தான்.

"கவிதா, என்கிட்ட வாயால சொன்னா போதாதா?"

"சாரி ஆன்ட்டி. உங்களுக்கு இல்லை, ஆபீஸுக்கு. அக்னாலெட்ஜ்மென்ட் போட்டுக் கொடுங்க."

போட்டுக் கொடுத்தேன். மார்ஜ் அந்தக் கடிதத்தைத் தன் மேஜையில் ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார். தினமும் நினைவுபடுத்தினேன், தினமும் தலையாட்டினார். முப்பத்தொன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸைத் திறக்கப் போனபோது, கதவில் என் கண் மட்டத்துக்கு, நாலு மூலையும் டேப் போட்டு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், கவிதா கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.